ஸ்டார்ட்டர் பிஸ்டலுக்குப் பொட்டு வாங்குதல்

எங்கள் வீட்டு மிளகாய்த்தூள் ஒருமுறை மில்லுக்குள் வெடித்தது. அதற்குக் காரணம் நான்தான். ஒட்டுசுட்டானில் என்னைத் தெரிந்த எவர் இந்தக் குறிப்பைக் கையில் எடுத்தாலும், முதலில் அந்த விஷயம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் புரட்டுவார். அவருடைய வேலையைக் குறைப்பதற்காக முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

மற்றவர்களுக்கு, குறிப்பாகப் புதிதாக நியமனம் பெற்று வன்னிக்கு வருகிற உடற்கல்வி ஆசிரியர்களுக்கு, விளக்கமாகச் சொல்கிறேன். நான் இருபத்தாறு வருடமாக உடற்கல்வி ஆசிரியன். அதில் பாதிக்கு மேல் ஸ்டார்ட்டர் வேலையும் பார்த்திருக்கிறேன். விளையாட்டுப் போட்டியில் சிவப்புக் கோட் போட்டுக்கொண்டு, "உங்கள் இடங்களுக்கு", "ஆயத்தம்" என்று சொல்லி, பிஸ்டலை வானத்தை நோக்கிப் பிடித்து வெடி வைப்பாரே, அவர்தான் ஸ்டார்ட்டர். பார்க்கிறவர்களுக்கு அது விரலை மடக்கும் வேலை. விரல் மடங்கும்போது உள்ளே இருக்கிற சாமான் வெடிக்குமா என்பதில் ஒரு மனிதனின் மானம் தங்கியிருப்பது அவர்களுக்குத் தெரியாது. என் மானம் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வெடிக்காமல் போயிருக்கிறது.

1. மூன்று வகைச் சத்தம்

ஓட்டத்தைத் தொடக்க எங்களிடம் மூன்று வழி உண்டு. முதலாவது, பிணைச்சல் போட்ட இரண்டு பலகைத் துண்டுகள். டப்பென்று சேர்த்து அடித்தால் சத்தம் வரும். செலவு கிடையாது. போர் முடிந்து ஊர் திரும்பிய முதல் வருடங்களில் எங்கள் பக்கத்தில் இதைத்தான் பாவித்தோம். அப்படிச் செய்யச் சொல்லி எவரும் சுற்றறிக்கை விடவில்லை. திரும்பி வந்தபின் நடந்த முதல் பாடசாலை இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டியில் நான் பிஸ்டலைச் சுட்டேன். பந்தலுக்குள் இருந்த அம்மாமாரில் பாதிப்பேர் கதிரையை விட்டு இறங்கிக் கீழே குந்திவிட்டார்கள். பிள்ளைகள் ஓடினார்கள், ஆனால் எவரும் ஓடுபாதையில் ஓடவில்லை. மறுநாள் காலையில் தச்சரிடம் போய்ப் பலகை செய்வித்தேன்.

பலகையின் குறை பிறகுதான் தெரிந்தது. மாகாணப் போட்டியில் பிஸ்டல் சுடுவார்கள். பலகைச் சத்தத்துக்குப் பழகிய எங்கள் பிள்ளைகள் அங்கே வெடி கேட்டதும் ஒரு கணம் திகைத்து நிற்பார்கள். நூறு மீற்றரில் ஒரு கணம் என்பது இரண்டு இடம். ஆகவே பிஸ்டல் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

இரண்டாவது வழி, வெற்று ரவை. சன்னம் இல்லாமல் சத்தம் மட்டும் உள்ளது. நம்பலாம். ஆனால் விலை கூட. அதோடு கடிதம் வேண்டும், கடிதத்துக்கு ஒப்பம் வேண்டும், ஒப்பம் வைப்பவர் கூட்டத்துக்குப் போயிருப்பார். போட்டி நாளுக்கு எண்ணித் தருவார்கள். பயிற்சிக்குக் கேட்டால் ஏதோ வீட்டுக் கிணற்றுக்குத் தண்ணீர் பவுசர் கேட்டதுபோல் பார்ப்பார்கள்.

மூன்றாவதுதான் பொட்டு. சிறுவர்கள் திருவிழாவில் வாங்கும் விளையாட்டுத் துவக்கில் போட்டு வெடிக்கும் பொட்டுவெடி. ஒரு பிளாஸ்டிக் வளையத்தில் எட்டு இருக்கும். இதைப் போட்டுச் சுடுகிற ஸ்டார்ட்டர் பிஸ்டல்களும் உண்டு. எங்கள் பாடசாலையில் இருந்தது அந்த வகை.

இந்த மூன்றையும் சீர்தூக்கிப் பார்த்து நான் ஒரு கொள்கை வகுத்தேன்: போட்டிக்கு நல்ல சாமான், பயிற்சிக்கு மலிவான சாமான். கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அப்போது எவராவது மறுத்திருந்தால் ஒரு மணித்தியாலம் வாதாடி வென்றிருப்பேன். நிறைய வாசிக்கிறவனிடம் இருக்கிற கெட்ட பழக்கம் அது. பிழையான பக்கத்தில் நின்றும் வெல்லத் தெரியும்.

2. ஜெனிற்றா

அந்த வருடம் நான் முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு பாடசாலையில் படிப்பித்தேன். ஒட்டுசுட்டானிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வருவேன். அங்கே ஜெனிற்றா என்று ஒரு பிள்ளை. தகப்பன் கடலோரக் களப்பில் இறால் பிடிப்பவர். பிள்ளை கடற்கரை மணலில் ஓடி வளர்ந்தவள். அவளைத் தரமான பாதையில் விட்டால் யாரோ பின்னால் இருந்து தள்ளுவதுபோல் போவாள்.

மாகாணப் போட்டியில் முதல் இரண்டு இடம் எடுப்பவர்கள் அகில இலங்கைப் போட்டிக்குப் போகலாம். முந்திய வருடம் நூறு மீற்றரில் ஜெனிற்றா மூன்றாவது. இது அவளுக்குப் பாடசாலையில் கடைசி வருடம். பரீட்சை முடிந்ததும் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்கு அனுப்புவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவளுக்கோ கல்வியியற் கல்லூரிக்குப் போய் என்னைப்போல் உடற்கல்வி ஆசிரியையாக வரவேண்டுமாம். என்னைப் பார்த்த பிறகும் அந்த ஆசை அவளுக்கு இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அந்தக் கல்லூரிக்கான விண்ணப்பத்தில் அகில இலங்கைச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு.

தகப்பன் ஒருநாள் மைதானத்துக்கு வந்து மதிலோடு நின்று பார்த்தார். பிறகு கேட்டார்.

"சேர், உண்மையைச் சொல்லுங்கோ. இவள் போவாளோ, போகமாட்டாளோ? போவாளெண்டால் நான் பாக்டரிக்காரரிட்டப் பொறுக்கச் சொல்லுவன்."

"போவாள். பொறுக்கச் சொல்லுங்கோ," என்றேன். பொட்டு இன்னும் வாங்கியிருக்கவில்லை.

3. வெடிக்கிறதும் வெடிக்காததும்

முல்லைத்தீவு நகரில் நவம் அண்ணை என்பவர் பிளாஸ்டிக் வாளி, பந்து, பொம்மை எல்லாம் வைத்து ஒரு கடை நடத்தினார். திருவிழாக் காலத்துக்கு எடுத்த பொட்டில் ஒரு பெரிய பெட்டி மிஞ்சிப்போய்க் கிடந்தது. கொழும்பு விலையில் கால்வாசி சொன்னார்.

"எல்லாம் வெடிக்குமோ அண்ணை?"

"எல்லாம் வெடிச்சால் நான் ஏன் சேர் இந்த விலைக்குத் தாறன்?"

இதைவிட நேர்மையான வியாபாரியை நான் கண்டதில்லை. இதைவிடத் தெளிவான எச்சரிக்கையும் எனக்குக் கிடைத்ததில்லை. நான் சிரித்துவிட்டு முழுப் பெட்டியையும் வாங்கினேன். பயிற்சிக்குத்தானே.

பெட்டியைப் பாடசாலையின் விளையாட்டு அறையில் வைத்தேன். அந்த அறையின் பின்பக்க யன்னலிலிருந்து நூறு மீற்றர் தூரத்தில் கடல். உப்புக்காற்று இரும்புக் குண்டையே தின்றுவிடும் இடம். இரண்டு கிழமையில், பதினாலே நாளில், பொட்டெல்லாம் பிசுபிசுவென்று ஈரமாகிவிட்டது. முன்பு நாலில் ஒன்று வெடிக்காமல் போனது. இப்போது இரண்டில் ஒன்று.

இந்த இடத்தில் அறிவுள்ளவன் பெட்டியைத் தூக்கி எறிந்திருப்பான். நான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயவைத்தேன்.

எங்கள் முற்றத்தில் மனைவி மங்கை செத்தல் மிளகாய் காயப்போட்டிருந்தார். நல்ல வெயில், கீழே விரித்த நல்ல சாக்கு. ஒரு ஓரமாகப் பொட்டு வளையங்களைப் பரப்பினேன். வளையங்களும் சிவப்பு. மத்தியானம் காற்று அடித்தது. கோழி கிளறியது. மாலையில் நான் என்னுடையதை அள்ளினேன், மங்கை தன்னுடையதை அள்ளினார். இரண்டு பேரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் மில்லில் வரிசையில் பத்துப் பேர் நிற்க, எங்கள் மிளகாய் இயந்திரத்துக்குள் போனது. ஐந்தாறு வெடி தொடர்ந்து கேட்டது. வரிசை முழுவதும் ஒரே அசைவில் நிலத்தில் படுத்தது. எவரும் கத்தவில்லை, எவரும் யோசிக்கவில்லை. எங்கள் சனத்துக்கு அந்தப் பாடம் மறக்காது. கடைசியில் மில்காரர்தான் எழும்பி இயந்திரத்தை நிற்பாட்டி, ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாராம்.

"அக்கா, இது மாஸ்டரின்ர வேலை. சேதம் ஒண்டுமில்லை. ஆனால் இந்தத் தூளைக் குழம்புக்குப் போடாதேங்கோ."

மங்கை வீட்டுக்கு வந்து பையைக் குசினி வாசலில் வைத்தார்.

"இஞ்சருங்கோ, இனிமேல் நீங்கள் ஒண்டையும் காயப்போடவேண்டாம். உங்கட உடுப்பைக்கூட நானே காயப்போடுறன்."

நான் காய்ந்த பொட்டை அள்ளிக்கொண்டு பாடசாலைக்குக் கிளம்பினேன்.

4. டிக், சே

காய்ந்த பொட்டோடு பயிற்சி தொடர்ந்தது. மூன்றில் இரண்டு வெடிக்கும். மூன்றாவது 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் போடும். பிள்ளைகள் எழும்பி நின்று காலை உதறிவிட்டுத் திரும்பக் குந்துவார்கள். வெயில். எனக்கு எரிச்சல். ஒவ்வொரு டிக்குக்கும் நான் வாய்க்குள் ஏதாவது சொல்வேன்.

மாவட்டப் போட்டி வந்தது. நான்தான் ஸ்டார்ட்டர். போட்டிக்காரர் தந்த பிஸ்டல், நல்ல வெற்று ரவை, நல்ல வெடி. ஏழு பிள்ளைகள் பாய்ந்தார்கள். ஜெனிற்றா எட்டாவதாக எழும்பினாள். நான் பக்கத்தில் நின்று கண்ணால் கண்டேன். சத்தம் கேட்டுத் தோள் அசைந்தது. பிறகு ஒரு நிறுத்தம். அதன் பிறகுதான் கால் போனது. அறுபது மீற்றரில் எல்லோரையும் பிடித்து, கடைசியில் இரண்டாவது இடம். மாகாணத்துக்குத் தகுதி கிடைத்தது. ஆனால் மாகாணத்தில் ஓடுகிறவர்களை அறுபது மீற்றரில் பிடிக்க முடியாது.

மாகாணப் போட்டிக்கு ஐந்து கிழமை இருந்தது. முதல் இரண்டையும் நான் எப்படிச் செலவழித்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலூன்றும் ஸ்டார்ட்டிங் பிளொக்கை அரை அடி முன்னே வைத்தேன், அரை அடி பின்னே வைத்தேன். முன்காலை மாற்றினேன். முட்டை சாப்பிடச் சொன்னேன். வாழைப்பழம் சாப்பிடச் சொன்னேன். தொடைத் தசை பலவீனம் என்று முடிவுகட்டி மணல் மூட்டையோடு குந்தி எழும்ப வைத்தேன். தசையைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் வாசித்து, அவளுடைய நரம்பில்தான் ஏதோ பிரச்சினை என்றும் சந்தேகப்பட்டேன். அவளிடம் மட்டும் கேட்கவில்லை.

கடைசியில் ஒருநாள் பொறுமை இழந்து கேட்டேன்.

"ஏன் பிள்ளை, வெடி வைச்ச பிறகும் என்னத்துக்கு நிக்கிறாய்? ஆரும் வந்து கூட்டிக்கொண்டு போகவேணுமோ?"

அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"கோவிக்கமாட்டீங்களோ சேர்?"

"சொல்லு."

"உங்கட பிஸ்டல் சில நேரம் வெடிக்கும், சில நேரம் டிக் எண்டும். சில நேரம் அரைவாசியாத்தான் வெடிக்கும், அப்பவும் நீங்கள் திருப்பிக் கூப்பிடுவியள். கூப்பிட முதல் 'சே' எண்டுவியள். ஓடினாப் பிறகு திரும்பி வாறது அலுப்பு சேர். அதாலே அந்தச் 'சே' வருதோ எண்டு ஒருக்காப் பாத்திட்டுத்தான் போறனான்."

பக்கத்தில் நின்ற மற்றப் பிள்ளைகள் ஆளை ஆள் பார்த்தார்கள். ஒருத்தி சொன்னாள், "நாங்களும் அப்பிடித்தான் சேர்."

மலிவான பொட்டு வாங்கி, நாள் தவறாமல், மாதக்கணக்காக, ஒரு வேகமான பிள்ளைக்கு நான் நிற்கக் கற்பித்திருக்கிறேன். அதுவும் மிகத் திறமையாகக் கற்பித்திருக்கிறேன். என் வேறெந்தப் பாடமும் அவர்களுக்கு அவ்வளவு ஆழமாகப் பதிந்ததில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தத் தகப்பனுக்கு நான் சொன்ன வார்த்தை மோட்டார் சைக்கிளின் பின் ஆசனத்தில் இருந்துகொண்டு வந்தது.

5. வவுனியாவுக்கு

மிச்சம் மூன்று கிழமை. பாடசாலை அதிபரிடம் போய் நல்ல பொட்டு வேண்டும் என்றேன். அதிபர் நல்ல மனிதர்.

"வாங்குங்கோ, வாங்குங்கோ. மூண்டு கடையில விலை எழுதி எடுத்துக்கொண்டு வாங்கோ. அதில குறைஞ்சதை எடுப்பம்."

"சேர், குறைஞ்சதை எடுத்ததாலேதான் இந்த நிலைமை."

"அப்ப என்ன காரணம் எழுதுறது? கூடின விலைக்குக் காரணம் எழுதவேணுமே."

'பிள்ளை என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்' என்று எழுத ஒரு படிவமும் இல்லை. சொந்தச் செலவில் வாங்குவதென்று முடிவு செய்து, சனிக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளை வவுனியாவுக்குத் திருப்பினேன். பொட்டு பொருந்துமா என்று பார்க்கப் பிஸ்டலும் பையில் இருந்தது. அதை வேட்டி ஒன்றில் சுற்றி வைத்திருந்தேன். ஒரு பிஸ்டலைச் சந்தேகத்துக்குரியதாக ஆக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது வழியில் பொலிஸ்காரர் ஒருவர் மறித்துப் பையைத் திறந்தபோதுதான் விளங்கியது.

அடையாள அட்டை, பாடசாலைக் கடிதம் எல்லாம் காட்டினேன். அவருக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் கொஞ்சம். இரண்டையும் கூட்டினாலும் 'ஸ்டார்ட்டர்' என்பதை விளக்கப் போதவில்லை. "சுட்டுக் காட்டுங்க," என்றார். நவம் அண்ணையின் பொட்டு உள்ளே இருந்தது. வானத்தை நோக்கிப் பிடித்தேன். டிக். மீண்டும். டிக். வியர்த்தது. மூன்றாவதும் டிக். இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று என்ற என் கணக்கெல்லாம் அன்று பொய்த்தது. என் வாயிலிருந்து 'சே' வந்தது.

பொலிஸ்காரர் பையை மூடி என் கையில் தந்தார்.

"போங்க மாஸ்டர். இதுக்கு லைசன்ஸ் வேணாம். ஒரு விசில் வாங்குங்க."

வவுனியாவில் விளையாட்டுச் சாமான் கடையில் ஒரு அக்கா இருந்தார். அங்கேதான் நான் முதல்முறையாகப் பொட்டை ஒழுங்காக வாங்கினேன். இளையவர்கள் இதைக் கவனிக்கவும். விலையைக் கேட்பதற்கு முன் ஒரு வளையத்தை மட்டும் காசு கொடுத்து வாங்கி, "எட்டையும் சுட்டுப் பாக்கலாமோ?" என்று கேட்டேன்.

"கடைக்குள்ளயோ சேர்?" அக்காவின் கண் விரிந்தது.

"பின்வளவில."

"அப்ப நில்லுங்கோ, பக்கத்து வீட்டாருக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாறன்."

முதலாவது வகையில் எட்டில் ஆறு. இரண்டாவது வகையில் எட்டும் வெடித்தது, ஆனால் நாலு பலமாக, நாலு மெதுவாக. அதையும் வேண்டாம் என்றேன். ஒவ்வொரு முறையும் வேறு சத்தம் கேட்டால் பிள்ளை மறுபடியும் யோசிக்கத் தொடங்கும். மூன்றாவது வகை காற்றுப் புகாத உறையில் ஒட்டி வந்தது. எட்டும் ஒரே மாதிரி வெடித்தது. இன்னொரு பெட்டியிலிருந்து வேறொரு வளையம் எடுத்தேன், அதிலும் எட்டு. விலை நவம் அண்ணையின் விலையைப்போல் நாலு மடங்கு. ஆனால் அங்கே நான் காசு கொடுத்தது வெடிக்காதவற்றுக்கும் சேர்த்துத்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அவ்வளவு வித்தியாசம் இல்லை. மணல் மூட்டைக்கும் முட்டைக்கும் ஆன செலவையும் சேர்த்தால் இதுதான் மலிவு.

பாடசாலைக்குக் கொண்டுபோனதும் வெற்றுப் பால்மா ரின்னில் போட்டு இறுக்கி மூடி, கடலுக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்த அதிபரின் அலுமாரியில் வைத்தேன். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுப்பேன். எதையும் காயவைக்கவில்லை.

முதல் கிழமை முழுக்க ஒன்றுகூடப் பிசகாமல் வெடித்தது. ஆனாலும் ஜெனிற்றா நின்றாள். பழகியதை மறப்பதற்குப் பழகியதைவிடக் கூட நாள் வேண்டும்போல. இரண்டாவது கிழமை, கட்டளைகளை இன்னொரு பிள்ளையைச் சொல்லவிட்டு, நான் வாய்க்குள் ஒரு டொபியைப் போட்டுக்கொண்டு சுட்டேன். அவள் கேட்டுத்தான் அப்படிச் செய்தேன். நான் வாய் திறக்க முடியாது என்பது நிச்சயமாகத் தெரிந்த பிறகு தோளுக்கும் காலுக்கும் இடையில் இருந்த அந்த நிறுத்தம் குறையத் தொடங்கியது. மூன்றாவது கிழமையில் சத்தமும் அவளும் ஒன்றாக எழும்பினார்கள். எனக்குப் பல்லில் ஓட்டை விழுந்தது.

புதியவர்களே, கொப்பியில் நான் அடிக்கோடிட்ட கொள்கையை வெட்டிவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். நல்ல பொட்டு பயிற்சிக்குத்தான் வேண்டும். போட்டியில் ஒரு தடவை வெடிக்காவிட்டால் எல்லோரும் எழும்பித் திரும்பக் குந்தலாம், எவருக்கும் நட்டமில்லை. பயிற்சியில் நூறு தடவை சுடுகிறோம். அந்த நூறில் பிள்ளை எதைப் பழகுகிறதோ அதைத்தான் போட்டிக்குக் கொண்டுபோகும்.

6. மாகாணம்

மாகாணப் போட்டியில் நான் ஸ்டார்ட்டர் இல்லை. ஓடுபாதையின் மறுமுனையில் ஒரு கயிறு கட்டி, பயிற்சியாளர்கள் எல்லோரையும் அதற்குப் பின்னால் நிற்க வைத்திருந்தார்கள். ஜெனிற்றா நாலாவது லேன். தகப்பன் அன்றைக்குத் தொழிலுக்குப் போகாமல் வந்து என் பக்கத்தில் நின்றார். கயிற்றைப் பிடித்திருந்த கை வலை இழுக்கிற மாதிரி இறுகி இருந்தது.

வெடி கேட்டது. தூரத்தில் எட்டுத் தலை. ஐந்தாவது லேன் பிள்ளை முன்னே, அவளோடு ஒட்டியபடி நாலாவது லேன். அறுபது மீற்றரில் எங்கள் பிள்ளைக்குப் பிடிப்பதற்கு ஒருத்திதான் இருந்தாள். பிடிக்கவில்லை. பின்னால் வந்தவர்களும் இவளைப் பிடிக்கவில்லை. இரண்டாவது.

தகப்பன் கயிற்றை விட்டார். "சேர், இரண்டு பேர்தானே போறது?" என்று கேட்டார். தெரிந்துகொண்டுதான் கேட்டார். "ஓம்," என்றேன். அவர் சாரத்தின் முனையால் முகத்தைத் துடைத்தார். "அப்ப பாக்டரிக்காரருக்குச் சொல்லிப்போடுவம்," என்றார்.

ஜெனிற்றா சப்பாத்தைக் கையில் பிடித்தபடி வந்தாள். தகப்பன் என் பக்கம் திரும்பினார். "மாவட்டத்தில நிண்ட பிள்ளை மாகாணத்தில எப்பிடி சேர் இப்பிடி எழும்பினது?"

இப்படி ஒரு கேள்விக்காக நான் ஆசிரியனான நாள் முதல் காத்திருந்தேன். பொட்டின் வகைகள், உப்புக்காற்று, உறை, ஒரே அளவான சத்தம், காதிலிருந்து காலுக்குப் போகும் நரம்பு, வவுனியாக் கடையின் பின்வளவு, பால்மா ரின் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் விளக்கினேன். மனிதர் வாயைத் திறந்தபடி கேட்டார். முடிந்ததும் மகளைப் பார்த்துக் கேட்டார்.

"ஓமோ பிள்ளை? அந்த வெடிச் சத்தத்தில இவ்வளவு விஷயம் கிடக்கோ?"

ஜெனிற்றா தண்ணீர்ப் போத்தலை வாயிலிருந்து எடுத்தாள்.

"வெடியோ? பயத்தில எனக்கொண்டும் கேக்கேல்லை அப்பா. பக்கத்து லேன்காரி எழும்பினவள். நானும் எழும்பீட்டன்."